ஜெபம் பண்ணின ப்ரீஆம்ப்

என் அத்தானுக்கு நல்ல ஜெபக் குரல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஏமாந்தது அந்தக் குரலில்தான். அத்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர். மராத்தி ஊரான கட்கியில் ஃபேக்டரி வேலை, ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவுக்குத் தலைவர். எங்கள் ஆட்களில் ஃபேனோ குக்கரோ, புதிதாக எது வாங்கினாலும் ஜெபம் பண்ணாமல் உபயோகிக்கிற வழக்கம் கிடையாது. ஜெபம் பண்ணுவது அத்தான். மின்சாரச் சாமானாக இருந்தால் ஒயர் மாட்டிக் கொடுப்பதும் அவரே. இரண்டு வேலையையும் ஒரே ஆளிடம் கொடுத்து வைத்திருந்தோம், மடச்சாம்பிராணிகள்.

எண்பதுகளின் ஆரம்பம் அது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர், முப்பதைத் தாண்டியும் கல்யாணமாகாதவள். அப்பா அம்மா போனபின் என்னை ஆளாக்கியது அக்கா. அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் குடியிருந்தேன். எனக்கு ஒரு கிறுக்கு உண்டு, பாட்டுக்கு மெட்டுப் போடுவது. பாத்திரம் கழுவும்போது வரும், பரீட்சைத் தாள் திருத்தும்போது வரும். அப்படி ஒன்பது பாட்டு சேர்ந்திருந்தது. சொல்லும் என்னுடையது, மெட்டும் என்னுடையது. ஸ்வரம் எழுதத் தெரியாது. நான் செத்தால் அவையும் போய்விடும். அதனால் அவற்றை என் அறையில், என் குரலில், என் பேரைச் சொல்லி ஒரு கேசட்டில் பதிந்து வைக்க ஆசைப்பட்டேன். வேறு பெரிய ஆசை எதுவும் அப்போது எனக்கு இல்லை.

குவைத்துக்குப் போன தோழி தன் பழைய கேசட் டெக்கை என்னிடம் விட்டுப் போயிருந்தாள். சபையில் ஒதுக்கிப் போட்ட மைக் ஒன்றும் கையில் இருந்தது. இரண்டையும் இரவல் ஒயரால் நேராக இணைத்தால் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. மைக்கிலிருந்து வரும் ஓசை மெலிந்தது, அதைத் தூக்கிவிட நடுவில் ப்ரீஆம்ப் என்று ஒரு பெட்டி வேண்டும் என்றார்கள். சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் லோக்கல் ரயில் பிடித்து சிவாஜிநகரில் இறங்கி, புத்வார் பேட்டில் ரேடியோ சாமான் விற்கும் சந்துக்குள் நுழைவேன். நான்கு சனிக்கிழமை அலைந்தேன்.

முள் ஆடுகிற மீட்டர் வைத்த பம்பாய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்ததோடு சரி, என் சம்பளத்துக்கு அது எட்டாக்கனி. சாமான்களை உதிரியாக வாங்கி நீங்களே பற்றவைத்துக்கொள்ளுங்கள் என்றார் ஒருவர். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே கண்ணாடி வேண்டும்! கடைசியில் ஒரு மராத்திக் கடைக்காரர், தானே கையால் செய்த சின்ன அலுமினியப் பெட்டியைக் காட்டினார். ஒரே ஒரு திருகு, உள்ளே பேட்டரி. தன் மைக்கை அதில் மாட்டி, ஹெட்ஃபோனை என் காதில் வைத்தார். வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு வரி பாடினேன். பின்னால் துளி இரைச்சல் இல்லை. என் குரல் இவ்வளவு நன்றாக இருக்குமென்று எனக்கே தெரியாது.

"பேட்டரியில ஓடுறது, பாயி. ஹம் எங்கேருந்து வரும்?" என்றார் இந்தியில். டீச்சர்களை அங்கே பாயி என்றுதான் அழைப்பார்கள். ஹம் என்பது கரண்ட்டின் இரைச்சல். அங்கேயே வாங்கிவிட்டேன்.

வாங்கப் போகிறேன் என்று அத்தானிடம் முந்தின வாரமே சொல்லியிருந்தேன். "மைக்குக்கு ஒயர் நான் பண்ணித் தாரேன் பிள்ள. கடையில வாங்காத, ஏமாத்திப்புடுவான்" என்றார். ஆமாம், கடைக்காரன்தான் ஏமாற்றுவான்!

ஞாயிறு ஆராதனை முடிந்து பெட்டி, மைக், டெக் மூன்றையும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவின் பெருவிரலில் ஒரு கொப்புளம். "தோசைக்கல்லு சுட்டுட்டுட்டி" என்றாள். நானே தேங்காய் எண்ணெய் எடுத்துத் தடவிவிட்டேன். சாப்பாட்டுக்கு முன் அத்தான் பெட்டியின் மேல் கை வைத்து ஜெபம் பண்ணினார்: "ஆண்டவரே, இது உமது சித்தமானால் ஆசீர்வதியும். சித்தமில்லையென்றால் இப்பொழுதே எங்களுக்கு வெளிப்படுத்தும்." நான் மனதார ஆமென் சொன்னேன். அவர் தன் ஒயரால் மைக்கைப் பெட்டியோடு இணைத்து, பெட்டியை டெக்கில் மாட்டினார்.

அம்மாடி, என்ன இரைச்சல்! மாவு மில்லுக்குள் நின்று பாடுகிற மாதிரி. திருகைக் குறைத்தால் இரைச்சலோடு என் குரலும் குறைந்தது. அத்தான் பெட்டியை இங்கே நகர்த்தினார், அங்கே நகர்த்தினார், உச்சுக்கொட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கர்த்தர் பேசிட்டாரு பிள்ள." அக்கா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

மறு சனிக்கிழமை பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரர் என் எதிரிலேயே மறுபடி தன் மைக்கை மாட்டிக் காட்டினார். சுத்தமாகக் கேட்டது. "டப்பா அச்சா ஹை, பாயி", பெட்டி நல்லதுதான் என்று அதைத் தட்டித் தட்டிச் சொன்னார். அப்படியும் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். வேறு ஒயரைப் போட்டுப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆண்டவர் வேண்டாம் என்று சொன்னபிறகு ஒயரை மாற்றி அவரை மடக்கப் பார்ப்பார்களா? இன்றைக்கு நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"மனசு விடாத, நம்ம வீட்டுலயே பதிஞ்சுக்கிடலாம்" என்றார் அத்தான். சபைக்கென்று அவர் செய்த பெரிய ப்ரீஆம்ப் பெட்டி அவர் வீட்டில் இருந்தது. ஒன்பது பாட்டையும் அங்கே பாடினேன். சரணத்துக்குச் சரணம் அக்கா இரண்டாம் குரல் சேர்த்தாள். ரொம்ப அழகாகப் பாடுவாள், அதை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். முதல் பாட்டுக்கு முன் என் பேரைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "கர்த்தருக்குப் பாடுததுக்குப் பேரு எதுக்கு?" என்றார். அதுவும் சரிதான் என்று வெட்கப்பட்டேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கோயில் வாசலில் கேசட் விற்றார்கள். அட்டையில் அத்தான் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்தார். பாடல்களும் இசையும் அவருடையவை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பாடியவர்கள் என்று பின்பக்கம் பொடி எழுத்தில் ஆறு பேர், அதில் நான் ஐந்தாவது. கேசட்டும் கையுமாக அங்கேயே அவரிடம் போனேன்.

"கர்த்தருக்குப் பாடுததுக்குப் பேரு எதுக்குன்னீங்களே அத்தான்?"

"பேரில்லாம அட்டை அச்சடிக்க மாட்டேன்னு பிரஸ்காரன் சொல்லிட்டான் பிள்ள" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வார விடுமுறையிலேயே புத்வார் பேட்டுக்குப் போனேன். சித்தமாவது கித்தமாவது, என் பெட்டி எனக்கு வேண்டும். கடைக்காரர் சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து அதையே எடுத்தார். இந்த முறை என் மைக்கையும், அத்தான் அன்பளிப்பாக விட்ட ஒயரையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். மாட்டியதும் அதே மாவு மில். கடைக்காரர் மைக்கை அப்படியே வைத்துத் தன் ஒயரைப் போட்டார். இரைச்சல் நின்றுவிட்டது.

அத்தானின் ஒயர் முனையில் இருந்த பின்னைத் திருகிக் கழற்றி எனக்குக் காட்டினார். உள்ளே இரண்டு கம்பி, அவற்றைச் சுற்றிச் செம்பு வலை. கம்பிகள் குரலைக் கொண்டுபோகும், வலை வெளி இரைச்சலைத் தடுக்கும். கம்பிகள் இரண்டும் பற்றவைத்து ஒழுங்காக இருந்தன. வலையை மட்டும் நறுக்கென்று வெட்டி, தவறியும் எதிலும் படாதபடி அதற்கு ஒரு சின்னக் குழாய் உறை போட்டிருந்தது. அவ்வளவு சுத்தமான வேலை.

"டூட்டா நஹீ, பாயி. காட்டா ஹை" என்றார். தானாக அறுந்ததில்லை, வெட்டியது.

 கை வைத்து ஜெபம் பண்ணினாரே! என்னை ஆமென் சொல்ல வைத்தாரே! பெட்டியையும் கடைக்காரரின் ஒயரையும் வாங்கிக்கொண்டு, லோக்கலுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஆட்டோ பிடித்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் ஷிஃப்டில் இருந்தார். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிரித்த பின்னை அவள் முன்னால் வைத்தேன்.

"அக்கா, உம் மாப்பிள்ள என்ன பண்ணியிருக்காருன்னு பாரு."

அவள் அதைத் தொடவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

"சபையில அவருக்கு இருக்கது அந்தப் பேரு ஒண்ணுதான்ட்டி. நீ மெட்டுப் போடுதன்னு தெரிஞ்சா அவர எவன் மதிப்பான்? ஒனக்கு என்ன, நீ ஒத்தக்கட்ட, வேலை இருக்கு" என்றாள்.

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

அக்கா வலது கைப் பெருவிரலைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். "பத்த வைக்கும்போது அசையாமப் பிடிச்சுக்கச் சொன்னாரு. பிடிச்சேன்."

தோசைக்கல் என்றாளே. நான் எண்ணெய் தடவிவிட்டேனே. அத்தான் செய்ததற்கு அழாத அழுகையை அந்த விரலுக்காக அழுதேன்.

பிறகு நான் அந்த வீட்டுப் படியேறவில்லை. அடுத்த கோடை விடுமுறையில் ஜன்னலைச் சாத்தி, கடைக்காரரின் ஒயரைப் போட்டு, முதலில் என் பேரைச் சத்தமாகச் சொல்லி, ஒன்பது பாட்டையும் பாடிப் பதிந்தேன். கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு சரணத்திலும் அக்கா சேர வேண்டிய இடம் வந்ததும் பழக்க தோஷத்தில் ஒரு கணம் பாடாமல் நிறுத்தியிருக்கிறேன். நல்ல பெட்டி அது. அந்த இடத்தில் இரைச்சல்கூட இல்லை.