உமாராணி எண்ணிய நாற்பத்தொன்று

மில்லர்புரத்து மாடி வீட்டில் உமாராணி தனியாள். இருபது வருடமாக ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். துறைமுகத்தில் புதுக் கப்பல் வந்தாலும் அவள்தான், கவுன்சிலர் தும்மினாலும் அவள்தான். "உமாராணி எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று ஊர் சொல்லும். புருஷன், பிள்ளை என்று யாருமில்லாதவளுக்கு அந்த ஒரு பேச்சுதான் துணை. அதற்கும் வந்தது கேடு.

காயல்பட்டினத்துப் பல்கீஸ் சமையல் வீடியோ போடுகிறவள். ஒரு வீடியோவுக்குக் கீழே கமெண்டில் அவள் மதத்தையும் அவளையும் சேர்த்துக் கூசாமல் திட்டியிருந்தார்கள். உமாராணி ஒவ்வொன்றாக வாசித்து, தன் வழக்கப்படி நோட்டில் கையால் எழுதிக்கொண்டாள். நாற்பத்தொன்று. செய்தியிலும் அப்படியே எழுதி அனுப்பினாள்.

அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "நாப்பத்தொண்ணுன்னா சப்புன்னு இருக்குக்கா. நூற்றுக்கணக்கில்னு போட்டுரட்டுமா?"

"போடுங்க" என்றுவிட்டாள் பாவி மகள். முதல் பக்கத்தில் வரும் என்ற சபலம்தான், வேறென்ன!

செய்தி வந்த மறுநாளே ஒருவன் வீடியோ போட்டான். "மொத்தமே தொண்ணூறு கமெண்டு. இதுல நூத்துக்கணக்கு எங்கனலே இருக்கு?" ஊரெல்லாம் சிரித்தது. பத்திரிகை நாலு வரியில் வருத்தம் தெரிவித்தது. திட்டியவர்கள் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். பத்திரிகையே தப்பு என்று சொல்லிவிட்டதே என்று பல்கீஸின் புகாரைப் போலீஸில் வாங்க மறுத்தார்கள்.

டீக்கடை அண்ணாச்சிகூட "என்ன சேதி?" என்று கேட்பதை விட்டுவிட்டார். நாலு நாள் உமாராணியிடம் ஒரு மனுஷரும் பேசவில்லை. சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டாள். தட்டைக் கழுவும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஐந்தாம் நாள் பல்கீஸ் கூப்பிட்டாள். "நூறு எதுக்குக்கா? ஒண்ணை வாசிச்சதுக்கே எனக்கு மூணு நாளு சோறு இறங்கல. இப்ப அந்த ஒண்ணும் பொய்யின்னு ஆயிட்டே."

உமாராணி பழியை அலுவலகத்தின் தலையில் போட்டிருக்கலாம். போடவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனாள்.

"கூட்டிப் போடச் சம்மதிச்சது நாந்தான், ஏட்டையா. ஆனா இதுல இருக்கது அத்தனையும் நெசம். என் கையெழுத்துப் போட்டுத் தாரேன். அந்தப் பிள்ளை புகாரை வாங்கிக்கோங்க."

ஏட்டையா நல்ல மனுஷர். இத்தனை வருடமாக அவள் சொன்னதை மறுபேச்சில்லாமல் நம்பியவர். நோட்டை மெதுவாகப் புரட்டினார்.

"மொத்தம் எத்தனை மேடம்?"

"நாப்பத்தொண்ணு."

அவர் தலையாட்டினார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, விரலை வைத்து, ஒன்று, இரண்டு என்று தானே எண்ணத் தொடங்கினார்.