சகாயம் கேட்டு வாங்கிய எதிர்க்காற்று

கைப்பேசியில் சகாயத்தின் பெயரைப் பார்த்ததும் ஹலோகூடச் சொல்லாமல், "என்றா, இன்னைக்காச்சும் தப்புன்னு ஒத்துக்கறயா?" என்றுதான் எடுத்தேன். எங்களுக்குள் அதுதான் வழக்கம். அந்தப் பக்கம் சகாயம் இல்லை. அவன் மனைவி மேரியின் குரல் வந்தது. "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே..."

நம் கல்லூரிக் கால்பந்து அணியில் அவனோடு ஆடியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊருக்கு அவன் குமுளிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவன். நமக்குக் கேப்டன். பாலக்காட்டு வெயிலில் நாமெல்லாம் நாக்குத் தள்ளி நிற்கும்போது, அவன் மட்டும் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவனைப் போல மைதானம் முழுக்க ஓடிக்கொண்டிருப்பான். யாராவது பந்தைக் கோட்டைவிட்டால் திட்ட மாட்டான். "வுடுலே, பந்து உருண்டைதான, திரும்ப வரும்" என்பான். கோல்கீப்பரான எனக்கு அந்தத் தத்துவம் பிடித்ததே இல்லை. என் பக்கம் திரும்ப வராமல் இருந்தால்தானே எனக்கு நல்லது!

கடைசி வருடம், போட்டிகள் தொடங்கும் முன், ஓணம் விடுமுறையில் நம்மைத் தன் அப்பா வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனது நினைவிருக்கும். அங்கே சமதரை ஏது? மைதானத்தின் ஒரு கோல் கம்பம் மேட்டில், மற்றது பள்ளத்தில். நம்மோடு ஆட வந்த தொழிற்சாலை ஆட்கள் டாஸ்கூடப் போடாமல் மேல் பக்கத்தை நமக்குக் கொடுத்தார்கள். முதல் பாதியில் பந்து தானாக உருண்டது, நாம் கோலாக அடித்துத் தள்ளினோம். மறுபாதியில் மேட்டைப் பார்த்து ஏறி, மூச்சுவாங்கி, அடித்ததற்கு இரட்டிப்பாக வாங்கிக்கொண்டோம். இது திட்டமிட்ட சதி என்று நான் கத்தினேன். சகாயம் சிரித்தான். "எங்க ஊரு பழக்கம்லே. வந்தவங்களுக்கு மொதல்ல எறக்கம். வீட்டுக்கு வந்தவங்கள வந்ததும் மேட்ட ஏறச் சொல்லுவியா?"

அன்று அவன் வீட்டில்தான் சாப்பிட்டோம். வீடு என்பது தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளான லயத்தில் ஒன்று. அவன் அப்பாவுக்கு அந்த வருடத்தோடு வேலை முடிகிறது. அதன்பின் வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலையில் இல்லையென்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அம்மா உடம்புக்கு முடியாதவர், தங்கைக்குப் படிக்கிற வயது. சகாயத்துக்கு ஒரே வழிதான் இருந்தது. நாம் கோப்பையை வென்றால் அவனுக்குப் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்கும், அதைக் காட்டி விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை வாங்கிவிடலாம், குடும்பத்தைக் கீழே கொண்டுவந்துவிடலாம். தோற்றால் படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

அந்த வருடம் நாம் ஆடிய ஆட்டம்! கையைக் காலை உடைத்துக்கொண்டு இறுதிப் போட்டிவரை வந்துவிட்டோம். அதுவும் நம் மைதானத்தில். மார்கழி மாதத்துப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, கிழக்கிலிருந்து ஆளைத் தள்ளுகிற காற்று. டாஸில் ஜெயித்தவன் முதலில் காற்றைத் தன் முதுகுக்கு வாங்கிக்கொள்வான். இது சிறு பிள்ளைக்கும் தெரியும். சகாயம் டாஸில் ஜெயித்தான். ஜெயித்துவிட்டு எதிர்க்காற்றைக் கேட்டு வாங்கினான்!

"கிறுக்கா, காத்து நம்மளுக்குடா!" என்று கோலிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். அவன் திரும்பிப் பார்த்து, எதிரணியைக் காட்டி, "வந்தவங்கள்லா!" என்றான்.

முதல் பாதி முழுக்க நான் உதைத்த பந்து என்னிடமே திரும்பி வந்தது. ஆனாலும் கோல் விழாமல் காத்தோம். இடைவேளையில் அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "ஏறியாச்சுலே, இனி எறக்கம்தான்" என்றான். நாம் மறுபடி இறங்கியபோது பனைமரங்களில் ஓலை அசையவில்லை. மலை இடம் மாறாது, காற்று நின்றுவிடும். மேட்டிலேயே ஆடி வளர்ந்தவனுக்கு அது தோன்றவே இல்லை. களைத்துப்போன நம் கால்களுக்கு நடுவே கடைசி நேரத்தில் ஒரு கோல் போனது. அதோடு முடிந்தது.

பி.டி. சார் எதுவும் கேட்குமுன்பே, "நாந்தான் சார் அந்தப் பக்கம் கேட்டேன், பயலுகள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றான். அடுத்த மாதம் படிப்பை விட்டுவிட்டு மலையேறினான்.

அதன்பிறகு பேசும்போதெல்லாம் எனக்கும் அவனுக்கும் இதே சண்டை. "ஒரு டாஸ்ல உன்ற வாழ்க்கையவே குடுத்துப்போட்டயேடா" என்பேன். அவன் சிரிப்பான். "வந்தவங்களுக்குக் குடுத்தேன்லே, வேற யாருக்குக் குடுத்தேன்?" அந்தச் சிரிப்பைக் கேட்டு, இவனுக்கு உறைக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அடக்கத்துக்குப் போனபோது மேரி சொன்ன வழி லயத்துக்குப் போகவில்லை. தோட்டத்துக்கு வெளியே, ரோட்டோரம், இன்னும் பூசி முடிக்காத சிறிய வீடு. கல்லறையிலிருந்து திரும்பியதும் மேரியிடம் கேட்டேன்.

"இது நம்ம வீடுதாண்ணே. போன வருசம்தான் லயத்த விட்டு வந்தோம். எனக்குக் கொழுந்து கிள்ள முடியல, அவரு வேலைய நம்பித்தான் லயம் இருந்துச்சு. அவரு, 'நாளைக்கு எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா, புள்ள காலேஜ விட்டுட்டு வீட்டுக்காக வேலைக்கு நிக்கக் கூடாது, எனக்கு ஆனது அவளுக்கு ஆகக் கூடாது'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

அருகில் அவர்கள் மகள் நின்றிருந்தாள். கல்லூரியில் கடைசி வருடம். உறைக்கவில்லை என்று நான் நினைத்தவன், உள்ளே அத்தனையும் வைத்திருந்திருக்கிறான். நமக்குச் சங்கடம் வேண்டாம் என்று சிரித்திருக்கிறான்.

எதிர்க்காற்றைக் கேட்டது தப்புதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதை அவனிடம் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், இங்கே எழுதியதோடு சரி, இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். அவன் போனபின் எங்கள் சண்டையில் அவன் பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். அடுத்த முறை நாம் கூடும்போது, சகாயத்தால்தான் தோற்றோம் என்று யாராவது வாயைத் திறந்து பாருங்கள். முதல் ஆளாகச் சண்டைக்கு நான் வருவேன்.