நாலு மணிக்கு அனல் இறக்கும் பெட்டி

கன்ட்ரோல் பேனல் மாட்டுபவனின் வேலை, ஆள் கை வைக்காமல் மெஷினை ஓட விடுவது. ஓடாது. பேனல் மாட்டிப் பேச்சு வாங்கியவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

செஞ்சிப் பக்கம் ஒரு அரிசி ஆலை. முதலாளியைப் பாய் என்போம். நெல் காய வைக்கும் டிரையரைப் பார்ப்பவன் ஏழுமலை. நெல்லைக் கடித்தே பதம் சொல்வான். கூடக் காய்ந்தால் நொய், குறைந்தால் பூஞ்சை. நான் எந்தப் பெட்டி மாட்டினாலும் பாய் கேட்பது ஒன்றுதான்: "இனிமே ஏழுமலை வேணாமில்ல?" ஏழுமலை பக்கத்தில்தான் நிற்பான்.

டைமர்

முதலில் டைமர். எட்டு மணி நேரம் ஓடும், நிற்கும். நின்றது. ஏழுமலை கடித்தான். ஈரம். வெளியே விடியலிலிருந்து மழை. டிரையருக்குள் போகும் காற்றே நனைந்திருந்தது.

"மழ பேயறத உன் டைமருக்கு யார்ணா சொல்றது?"

சென்சார்

பிறகு ஈரம் அளக்கும் சென்சார். பதினாலு சதவீதம் வந்தால் தானே நிறுத்தும். திரையில் பதினாலு. ஏழுமலை கடித்துவிட்டு, "பதினேழு இருக்குது" என்றான். எனக்குக் கோபம். சென்சாரைக் கழற்றினேன். அதன் முகமெல்லாம் தவிட்டுத் தூசி. துடைத்து மாட்டினேன். பதினேழு.

"நான் தெனம் பல்லு வெளக்கறேண்ணா. உன் சென்சாரு வெளக்குதா?"

கற்றுக்கொள்ளும் பெட்டி

இந்த வருஷம் வந்தது இது. ஆள் எப்போது அனலை ஏற்றுகிறான், இறக்குகிறான் என்று ஒரு போகம் பார்க்கும். பிறகு தானே ஓட்டும். எப்படிக் கற்கிறது என்று பார்க்க எனக்கே ஆசை. கற்றது. பாய் ஏழுமலையை மூட்டை தூக்க அனுப்பினார்.

தினம் நாலு மணிக்குப் பெட்டி அனலை இறக்கியது. அரை மணி கழித்து ஏற்றியது. நெல் ஈரமாகவே வந்தது. இரண்டு நாள் ஒயரை அவிழ்த்து மாட்டினேன். காரணம் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் நாலு மணி. ஏழுமலை மூட்டையைப் போட்டுவிட்டு வாசல் பக்கம் நடந்தான். பெட்டித் திரையில் இறங்கும் அனலைப் பார்த்து நின்றான். சிரித்தான்.

"அனலக் கொறச்சிட்டுத்தான்ணா நான் டீக்குப் போவேன். அதுவும் டீக்குப் போயிருக்குது."

மறுபடியும் ஏழுமலை

டீ முடிந்து வந்து, நெல்லைக் கடித்துப் பார்த்து, விட்ட அரை மணியை ஈடு கட்டுவான். கடிப்பதைப் பெட்டி எங்கே பார்த்தது? பாய் அவனை டிரையருக்கே திருப்பி அனுப்பினார். பெட்டிக்குப் புதிதாகக் கற்றுக்கொடு, நாலு மணிக்கு மட்டும் அசையாதே என்றார். ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டான்.

"டீ இல்லாம முடியாது பாய். அதுக்கும் பழகிடுச்சி, பாவம்."

கடிகாரத்தை மாட்டினேன், அளவுகோலை மாட்டினேன், கடைசியில் இன்னொரு ஏழுமலையையே மாட்டிவிட்டு வந்திருக்கிறேன், பல் மட்டும் இல்லாமல்.