கிளுவை வேலிக்கு நான் ஊற்றிய தண்ணீர்

எங்கள் வளவுக்கும் மாமியின் வளவுக்கும் நடுவில் இருந்த பழைய வேலியில், கிணற்றடிக்கு நேரே ஒரு பொட்டு இருந்தது. ஆள் குனிந்து போய்வரக்கூடிய ஓட்டையைத்தான் எங்கள் பக்கத்தில் பொட்டு என்பார்கள். மாமி, அப்பாவின் அக்கா. அம்மா வைத்த சொதி அந்தப் பொட்டால் அங்கே போகும். மாமியின் முருங்கைக்காய் இங்கே வரும். எல்லாரையும்விட அதிகமாகப் போய்வந்தது நான். மாமி வீட்டு ஆடு இந்தப் பக்கம் வந்துவிடாமல் இருக்க ஒரு தகரத் துண்டைச் சாத்தி வைத்திருந்தார்கள். போகிறவரும் வருகிறவரும் அதைத் திரும்பச் சாத்த வேண்டும் என்பது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சட்டம்.

எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, புரட்டாதி மாதத்துப் பின்னேரம் ஒன்றில் அந்தச் சட்டத்தை நான் மீறினேன். மாமி சுடச்சுடத் தந்த பனங்காய்ப் பணியாரம் இரண்டு கையிலும் இருந்தது. தகரத்தைச் சாத்தக் கை இல்லை. தின்று முடித்துவிட்டு வந்து சாத்துவோம் என்று நினைத்தேன். தின்று முடித்தபிறகு அந்த நினைப்பு வரவில்லை.

ஆடு வந்தது. மருதனார்மடச் சந்தையில் அம்மா தேடித் தேடி வாங்கி வந்து நட்ட கறிமிளகாய்க் கன்றுகள் பன்னிரண்டும் அப்போதுதான் முதல் பூ விட்டிருந்தன. ஆடு தண்டுகளை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு, போகும்போது கொடியில் காய்ந்த அம்மாவின் துவாய்த் துண்டிலும் ஒரு மூலையைச் சுவைத்துப் பார்த்திருந்தது.

ஆடு வளர்க்கிறவைக்குக் கட்டி வைக்கவும் தெரிய வேணும் என்று அம்மா கிணற்றடியில் நின்று ஆகாயத்துக்குச் சொன்னாள். தோட்டம் செய்கிறவைக்கு ஒழுங்கான வேலி இருக்க வேணும் என்று மாமியும் அங்கிருந்து அதே ஆகாயத்துக்குச் சொன்னார். அதற்குப் பிறகு இருவரும் சொன்ன சில வார்த்தைகளை எழுத வேண்டியதில்லை. நான் சாமியறைக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். வெளியே வந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்றோடு சொதியும் முருங்கைக்காயும் நின்றன. ஊரிலே எல்லாரும் கட்டுகிற மாதிரி நாங்களும் சீமெந்துக் கல் அரிந்து மதில் கட்ட வேண்டும், அதுவும் ஆளுயரத்துக்கு மேலே கட்ட வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா பதற்றப்படாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கிளுவை வேலி போடுவோம் என்றார். முள்ளுக் கிளுவையை நெருக்கிப் போட்டால் மூன்று மழைக்குள் கோழிக்குஞ்சுகூட நுழையாது என்றார். அம்மா அரை மனதோடு சம்மதித்தாள்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும், வட்டுக்கோட்டையில் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் வளவிலிருந்து லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் கதியால் வந்து இறங்கியது. வெட்டி நட்டால் வேர்விடும் தடிகளைத்தான் கதியால் என்பது. ஒவ்வொன்றும் என் தோளளவு உயரம், கைப்பிடிக்குள் அடங்குகிற பருமன். வெட்டின வாய் காயட்டும் என்று ஐந்தாறு நாள் மாமர நிழலில் சாத்தி வைத்தார்கள். பிறகு ஒரு சனிக்கிழமை, பழைய வேலியைப் பிடுங்கிவிட்டுப் புதியதைப் போட்டார்கள். அப்பா அலவாங்கு என்கிற கடப்பாரையால் குழி போட, மாமியின் கணவரான மாமா அந்தப் பக்கம் நின்று கயிறு பிடித்தார். அவர்கள் இருவருக்கும் சண்டை ஒன்றும் இல்லை. வெங்காய விலையும் மழையும் கதைத்துக்கொண்டு சாணுக்கு ஒன்றாக நட்டுக்கொண்டு போனார்கள். இரண்டு குசினிகளிலும் சட்டிகள் மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தன.

கதியாலின் உச்சியில் ஈரம் காயாமல் இருக்கச் சாணி உருட்டி வைப்பது என் வேலை. இன்னொரு வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்: தண்ணீர் ஊற்றுவது. செய்த குற்றத்துக்கு வேறு என்ன பரிகாரம் செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தால் வந்ததும் சீருடை மாற்றாமல் வாளியைத் தூக்கினேன். மழை பெய்த நாளிலும் ஊற்றினேன். வேர் அழுகப்போகுது என்று அப்பா சொன்ன பிறகுதான் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன்.

இரண்டு கிழமையில் கிளுவை துளிர்த்தது. ஒவ்வொரு காலையும் வேலியோரம் நடந்து எண்ணுவேன். எல்லாம் துளிர்த்தன, மூன்றைத் தவிர. கிணற்றடிக்கு நேரே நின்ற மூன்று அவை. முன்பு பொட்டு இருந்த அதே இடம். தகரத்தைச் சாத்தாமல் விட்ட பாவம் அந்த மண்ணில் நிற்கிறது என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒருநாள் குந்தியிருந்து உற்றுப் பார்த்தேன். மற்றக் கதியால்கள் எல்லாம் அடி பருத்து, மேலே போகப்போக மெலிந்திருந்தன. இந்த மூன்றும் மேலே பருத்து அடியில் மெலிந்திருந்தன. முட்களும் நிலத்தைப் பார்த்தன. அப்பா அவசரத்தில் தலைகீழாக நட்டுவிட்டார்! ஐம்பது வருசம் தோட்டம் செய்தவர்களின் பரம்பரையில் இப்படியொரு பிழை. எனக்கு அவரை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. நிலம் ஈரம். மூன்றையும் அசைத்து அசைத்துப் பிடுங்கினேன். உள்ளங்கை இரண்டிலும் முள் கீறியது. நிமிர்த்தி நட்டு, காலால் மிதித்து இறுக்கி, புதுச் சாணி உருட்டி வைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. துளிர்த்த பிறகு சொல்வதற்காக வைத்திருந்தேன்.

மார்கழி பிறந்து சில நாளில் அவையும் துளிர்த்தன. அப்பாவைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"உதுகளை ஆர் மாத்தி நட்டது?"

"நான்தான் அப்பா. நீங்கள் தலைகீழா நட்டுட்டியள்."

அப்பா தலையைச் சொறிந்தார். "கெட்டிக்காரி," என்றார். கணக்கில் நூறு எடுத்தபோது சொன்ன கெட்டிக்காரி மாதிரி அது இருக்கவில்லை. பின்னேரம் அப்பாவும் மாமாவும் வேலிக்கு அங்காலும் இங்காலும் நின்று ஏதோ மெல்லக் கதைத்தார்கள். மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அதற்குப் பிறகு அந்த மூன்று கதியாலுக்கும் கெட்ட காலம் தொடங்கியது. ஒரு மத்தியானம் அம்மா சோறு வடித்த கஞ்சியை ஆவி பறக்கக் கொண்டுபோய் நேரே அவற்றின் அடியில் ஊற்றினாள். சுட்டால் வேர் செத்துப்போகும் என்று நான் ஓடிப்போய்ச் சொன்னேன். கஞ்சி நல்ல பசளை, நீ போய்ப் படி என்றாள். அடுத்த நாளும் ஊற்றினாள். இலைகள் சுருண்டன. அப்படியும் ஓரத்துக் கதியால் ஒன்று பிடிவாதமாகப் பச்சையாய் நின்றது. போதாக்குறைக்கு, மறுநாள் காலை நான் வாளியோடு போகும்போது, அந்தப் பக்கத்தில் மாமி ஆட்டைக் கொண்டுவந்து சரியாக அந்த இடத்தில் கட்டிவிட்டிருந்தார். ஆட்டுக்குக் கிளுவைக் குழை என்றால் உயிர். மிச்சமிருந்த துளிரெல்லாம் அதன் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

வாளியைப் போட்டுவிட்டு நான் அழுதேன். மூன்று மாதம் நெஞ்சுக்குள் வைத்திருந்தது அழுகையோடு சேர்ந்து வெளியே வந்தது.

"மாமி, ஆட்டை அவிழுங்கோ. அண்டைக்குத் தகரத்தைச் சாத்தாமல் விட்டது நான்தான். அம்மாவும் இல்லை, நீங்களும் இல்லை."

மாமி வேலியருகே வந்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"எனக்குத் தெரியும் பிள்ளை. நீ இரண்டு கையிலும் பணியாரத்தோடை ஓடினதைப் பாத்துக்கொண்டுதானே நிண்டனான்."

சத்தம் கேட்டு அம்மா கிணற்றடிக்கு வந்துவிட்டாள். அவள் கையில் அகப்பை இருந்தது. அகப்பையால் எனக்கு எத்தனை விழும் என்று நான் கணக்குப் போட்டேன். மாமியும் அதே கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும்.

"மச்சாள், பிள்ளையை ஏசாதையும்," என்றார் மாமி.

மூன்று மாதத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை அது. அம்மா நிலத்தைப் பார்த்தாள்.

"நான் ஏன் ஏசிறன்? இவளின்ரை செருப்பு ஒண்டு அண்டைக்குப் பொட்டடியிலை கிடந்தது. எனக்கும் தெரியும்."

ஆடு மென்றுகொண்டு நின்றது. மாமி, முருங்கை நல்லாய்க் காய்ச்சிருக்கு, பிடுங்க ஆளில்லை என்றார். அம்மா, பிள்ளையை அனுப்புகிறேன் என்றாள். பின்னர் அகப்பையை என்னிடம் தந்துவிட்டு, அந்த மூன்று கதியாலையும் தன் கையாலேயே ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தாள். மாமி அங்காலிருந்து பிடித்து உதவினார்.

அன்று கிணற்றடியில் அம்மா ஆகாயத்தைப் பார்த்துச் சண்டை பிடித்தபோது, மாமி என் பெயரை ஒருமுறை சொல்லியிருந்தால் வென்றிருப்பார். அவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தெரிந்திருந்தும் இரண்டு பேரும் என்னை இவ்வளவு தண்ணீர் அள்ள விட்டார்களே என்ற கோபம்தான் இருந்தது.

அப்பா சந்தையால் வந்ததும், அந்த இடத்துக்குப் புதுக் கதியால் எப்போது போடுவது என்று கேட்டேன். அடுத்த மழைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு முருங்கைக்காய்க் குழம்போடு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தாங்க முடியவில்லை. புது இடைவெளியால் போய், சாய்மனைக் கதிரையில் படுத்திருந்த மாமாவிடம் முறையிட்டேன். அப்பா தலைகீழாக நடுகிறார், அம்மா சுடுகஞ்சி ஊற்றுகிறாள், மாமி ஆட்டைக் கட்டுகிறார், இந்த இரண்டு வளவிலும் என்னைத் தவிர ஒருவருக்கும் வேலி வளர்க்கத் தெரியாது என்றேன்.

மாமா எழுந்து உட்கார்ந்து, முழுவதையும் கவனமாகக் கேட்டார்.

"ஓம் பிள்ளை," என்றார். "ஒருத்தருக்கும் தெரியாது."