கடைசியிலிருந்து நாற்பது பேர்

அரியலூரில் நடந்த தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் பட்ட அவமானம், பஸ்ஸில் திரும்பும்போதும் மலர்க்கொடியை முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. முந்திரிக் காட்டுக் கூலிக்காரியின் மகள் அவள். படித்து, ஊர் ஊராக மாற்றலாகி, ஐம்பத்து நான்கு வயதில் உடையார்பாளையத்துப் பக்கம் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்து பதினைந்து நாள்தான் ஆகிறது.

“போன வருஷப் பத்தாம் வகுப்பு ‘சி’ பிரிவு, கணக்குல தேர்ச்சி எழுபதே சதவீதம்! அந்த ஆசிரியர் மேல என்ன நடவடிக்கைன்னு வெள்ளிக்கிழமை எழுதிக் கொண்டாங்கம்மா” என்று அதிகாரி நூறு பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

அந்த ஆசிரியர் பஞ்சநாதன். கசங்கிய சட்டை, அதிகம் பேசாத ஆள். மலர்க்கொடி அன்றே பரிந்துரையை எழுதிவிட்டாள்: ‘விளக்கம் கேட்டு மெமோ வழங்கலாம்.’ கையெழுத்துதான் பாக்கி. அதற்கு முன் வகுப்பை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது விதி. வியாழக்கிழமை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

“யாருக்குப்பா தப்பா வந்துச்சு?” என்றார் பஞ்சநாதன்.

இருபது கைகள் உயர்ந்தன! தவறு செய்த பிள்ளைகள் தலைகுனியத்தானே செய்வார்கள்?

“எனக்கு சார்! என் தப்பு புதுசு சார்!”

“ஆமா, இவன் பெரிய விஞ்ஞானி” என்று பக்கத்திலிருந்தவன் கிண்டலடிக்க, வகுப்பே சிரித்தது.

வினோதினி என்ற சிறுமி கரும்பலகைக்கு வந்தாள். தன் தவறை வரிவரியாக எழுதி, நான்காம் வரியில் நின்றாள்.

“இங்கதான் சார்... மைனஸ முழுங்கிட்டேன்.”

“நானும் காலேஜ் போற வரைக்கும் அதைத்தான் முழுங்கிட்டு இருந்தேன் தாயி. இப்ப துப்பிட்டுப் போடு.”

அவள் போட்டாள். விடை வந்தது. அந்தச் சின்ன முகத்தில் பரவிய வெளிச்சத்தைக் கண்டு மலர்க்கொடிக்கு மெய் சிலிர்த்தது.

அலுவலகத்துக்கு வந்ததும் போன வருடம் பத்தாம் வகுப்பு எழுதிய பிள்ளைகளின் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பதிவேட்டைப் பிரித்தாள். ‘சி’ பிரிவில் நாற்பது பேர். ஒன்பதாம் வகுப்பில் அவர்களில் கணக்கில் தேறியவர்கள் ஆறே பேர். பொதுத்தேர்வில் இருபத்தெட்டு!

‘ஏ’ பிரிவில் நூறு சதவீதம் காட்டிய தர்மராஜைக் கூப்பிட்டு, தேறாதவர்கள் எல்லாரும் ‘சி’ பிரிவில் சேர்ந்தது எப்படி என்று கேட்டாள்.

“அது வந்துங்க மேடம்... ஜூன்ல பிரிவு பிரிக்கறப்ப, மார்க்குல கடைசியிலேருந்து நாப்பது பேர எனக்குக் குடுங்கன்னு பஞ்சநாதன் சாரே கேட்டு வாங்கிக்குவாரு. பதினோரு வருஷமா. எங்களுக்கும் சௌகரியமா இருந்துச்சு, விட்டுட்டோம்.”

“ஒரு வார்த்தை யாரும் மேல சொல்லலியா சார்?”

தர்மராஜ் மெல்ல எழுந்து வகுப்புக்குப் போனார்.

பதினோரு வருடம்! எத்தனை கூட்டங்களில் அந்த மனிதரின் பெயர் சந்தி சிரித்திருக்கும்! எதிரே மலையென ஒருவர் நிற்பது தெரியாமல் கல்லென்று உதைக்கப் பார்த்தோமே என்று அவள் கண்கள் பொங்கின. எழுதிய பரிந்துரையை நாலாகக் கிழித்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் நீட்டிய தேர்ச்சிப் படிவத்தை அதிகாரி புரட்டினார்.

“‘ஒன்பதாம் வகுப்பில் தேறியவர்கள்’னு ஒரு கட்டம் இருக்கே? நம்ம படிவத்துல இது கெடையாதேம்மா.”

“இல்லீங்க சார். நானே கோடு போட்டுட்டு வந்தேன்.”

அவர் ஆறையும் இருபத்தெட்டையும் பேனாவால் வட்டமிட்டார். “சரி, மெமோ வேணாம். ஆனா எனக்கும் மேல ஆள் இருக்காங்கம்மா. அடுத்த வருஷமும் எழுபதுன்னா, உங்களத்தான் கேப்பேன்.”

“கேளுங்க சார்.”

மாலையில், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிய பஞ்சநாதனை வாசலில் மறித்தாள்.

“சார், உங்க வகுப்புல இருபது பேர எனக்குக் குடுங்க. நானும் கணக்கு டீச்சர்தான்.”

“வேணாங்க மேடம். உங்க பேரு கெட்டுரும்.”

“கெடட்டும் சார். எந்த இருபதுன்னு மட்டும் சொல்லுங்க.”

பஞ்சநாதன் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, பையிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்தார்.