நான் விசாரிக்காத கூரை

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வேலை செய்த பெற்றோல் ஷெட்டில் கல்லாவுக்குக் கீழே சட்டப் புத்தகத்தை வைத்துப் படித்தவன் நான். மனோர் பார்க்கில் பலசரக்குக் கடைக்கு மேலே நெடுங்காலம் வக்கீலாக இருந்து, பிறகுதான் மாதத்தில் சில நாள் சிறு வழக்குகளுக்கு நீதிபதியாக உட்காரத் தொடங்கினேன். சொன்ன தீர்ப்புகள் மறந்துவிட்டன. சொல்லாத ஒன்றுதான் குடைகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் மேசையில் உளுந்து வடை. நின்றபடியே இரண்டைத் தின்றுவிட்டுத்தான் யார் தந்தது என்று மனைவியைக் கேட்டேன். ஒரு பெண்ணாம். செவ்வாய்க்கிழமை கோட்டில் வழக்காம். அங்கே தமிழ் நீதவான் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கண்டு கும்பிட்டுவிட்டுப் போக வந்தாளாம்.

“ஏனப்பா வாங்கினனீர்?”

“வெறுங்கையோட ஒரு வீட்டுக்குப் போறதே? நானும் கொண்டுதான் போவன்.”

இரண்டு நாள் இருப்புக் கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்றாவது வழக்காக, மனைவி சொன்ன அதே பெயரோடு அவளே வந்து நின்றாள், சொந்தக்காரரைக் கண்டதுபோலச் சிரித்துக்கொண்டு. வாடகை வீட்டின் கூரை இரண்டு மாரியாக ஒழுகுகிறது. ஒழுக்குக்குத் தப்பித் தரையில் படுக்கும் மகளுக்கு மூச்சிழுப்பு. வீட்டுக்காரர் திருத்த மாட்டாராம்.

வடை வந்த கதையை இரு பக்கத்துக்கும் சொன்னேன். வீட்டுக்காரரின் வக்கீல் மரியாதையாக எழுந்து ஆட்சேபித்தார். நியாயம்தான். நான் விலகுகிறேன், வேறு நீதிபதிக்குத் திகதி கிடைக்க மாதக்கணக்காகலாம் என்றேன்.

“வடைக்காகவோ ஐயா? நான் ஒண்டும் கேக்கேல்லையே.”

மொழிபெயர்ப்பாளர் அதையும் முகம் மாறாமல் ஆங்கிலத்தில் சொன்னார். தமிழில் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, நானும் ஆங்கிலத்திலேயே ஆம் என்றேன்.

மதியம் கோட்டு அலுவலகத்தில், அவள் வழக்கை அன்றே வேறு யாராவது எடுக்க முடியுமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். பக்கத்து அறையில் ஒரு வழக்கு சமாதானமாகிப் போனதால், மூன்று மணிக்கு அங்கே எடுத்தார்கள். என் காது முழுக்கச் சுவரில். முடிவை நான் யாரிடமும் விசாரிக்கக் கூடாது. மாலையில் பக்கத்து அறை நீதிபதியம்மாவோடு மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

இரண்டு கிழமை கழித்து, அப்டன் பார்க்கில் ஒரு கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள். என்னைக் கண்டதும் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கடைக்காரரிடம் சொன்னாள்:

“அண்ணை, கூரைக்கு ஆக்கள் ஏறியிட்டாங்கள். அந்த அம்மா கட்டாயம் செய்யவேணுமெண்டு சொல்லிப்போட்டா. பிள்ளை வாற கிழமை தன்ரை கட்டிலிலை படுப்பாள்.”

வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“எனக்குக் காது கேக்கும் தங்கச்சி. ஏன் கத்துறீர்?”