வீட்டில் முடிவெடுப்பது யார்?

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கேள்வித்தாளோடு ஆட்கள் வருவது புதிதல்ல. ஜீப்பில் வருவார்கள், குடையைப் பிடித்தபடி வாசலில் நிற்பார்கள், எத்தனை பேர், எத்தனை அறை என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி வந்து நின்றது எங்கள் அண்ணி. கழுத்தில் அடையாள அட்டை, கையில் காகிதக் கட்டு, காலில் மட்டும் வழக்கமான ரப்பர் செருப்பு. குழாயடியில் நின்ற பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னா புள்ள, நம்ம வீட்டுல எத்தன பேருன்னு ஒனக்கே தெரியாதா?" என்று வதைத்துவிட்டார்கள்.

அண்ணி பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்தாள். உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு கல்யாணம், பிறகு இரண்டு பிள்ளைகள். பதுளையில் சமூக விஞ்ஞானப் பட்டப்படிப்புக்குத் தயார்படுத்தும் அடிப்படைக் கற்கைநெறி ஒன்று தொடங்குகிறது என்று கேள்விப்பட்டதும், யாரிடமும் சொல்லாமல் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். நாங்கள் அதைப் பவுண்டேஷன் என்போம். சனிக்கிழமைகளில் வகுப்பு. அண்ணன் முறுக்கிக்கொண்டான். ஒரு வருடம்தானே, போய்விட்டு வரட்டும் என்று அம்மா சொன்னதால் வாயை மூடிக்கொண்டான். எனக்கும் அண்ணிக்கும் உப்பு முதல் துடைப்பம் வரை எல்லாவற்றுக்கும் சண்டை. ஊரில் எந்த நாத்தனாரும் அண்ணியும் எங்களைப் போல் வாய் வளர்த்ததில்லை. அதனால் நான் அவளைப் புகழ்ந்தால் தைரியமாக நம்பலாம்.

வருடம் முடியும் நேரத்தில்தான் உண்மையான சிக்கல் வந்தது. பாடங்களில் எல்லாம் அண்ணி நன்றாகச் செய்திருந்தாள். ஆனால் பட்டப்படிப்பு பதுளையில் இல்லை. வாரநாள்களில் கண்டிப் பக்கம் தங்க வேண்டும். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே அண்ணன், "பாப்போம்" என்பான். எங்கள் வீட்டில் பாப்போம் என்றால் கிடையாது என்று அர்த்தம். அண்ணி அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டாள். சட்டியைக் கழுவும் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

வகுப்பில் கடைசியாகச் செய்து கொடுக்க வேண்டிய ஒப்படைக்கு அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, தோட்டத்து வீடுகளில் முடிவெடுப்பது யார் என்பது. அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கூடவே போனேன். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரியின் புருஷனுக்குக் கொழும்பில் கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் முகம் காட்டுவான். அண்ணி அவளிடம் கேட்டாள்.

"இந்த வீட்டுல முடிவெடுக்கிறது யாருக்கா?"

"அவருதான் புள்ள. வேற யாரு?"

"கூரைத் தகடு மாத்துனீங்களே?"

"அது நாந்தான் தோட்டத்துத் தொரைகிட்டப் போயி சண்ட புடிச்சு வாங்கினேன்."

"மகள ஹாலிஎல ஸ்கூல்ல சேத்தது?"

"அதுவும் நாந்தான். சேத்துட்டுத்தான் அவருக்குப் போன் போட்டேன்."

"அப்ப முடிவெடுக்கிறது?"

"அவருதாங்கிறேன்ல!"

நான் சிரித்தே செத்தேன். அண்ணி சிரிக்கவில்லை. வரிசையாக எல்லா வீட்டிலும் இதே பதில்தான். சில பெண்கள், இருங்க, அவரக் கூப்பிடுறேன் என்று படுத்திருந்த புருஷனை எழுப்பிக்கொண்டுவந்து பதில் சொல்ல வைத்தார்கள். அந்த வாரம் முழுக்க அண்ணி யோசனையாகவே இருந்தாள். பிறகு அத்தனை கேள்விகளையும் அடித்துவிட்டு மூன்றை மட்டும் புதிதாக எழுதினாள். இந்த வீட்டில் கடைசியாக எடுத்த பெரிய முடிவு எது? அதை எடுத்தது யார்? யாருக்காவது மறுப்பு இருந்ததா? பதுளையில் பாடம் எடுக்கும் மேடம் அதைப் படித்துவிட்டு, மற்ற மாணவர்களையும் இப்படியே கேட்கச் சொன்னாராம். எங்கள் அண்ணி எழுதிய கேள்வி! வெலிமடை மரக்கறித் தோட்டங்களிலும் பண்டாரவளைக் கடைத்தெருவிலும் அதையே கேட்டார்கள் என்று அறிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் லயத்திலும் இந்த முறை பதில்கள் மாறின. கேட்கக் கேட்க அந்தப் பெண்களுக்கே ஆச்சரியமாக இருந்தது.

எங்கள் வீடு மட்டும் மிச்சம். சொந்த வீட்டைத் தானே கேட்கக்கூடாது, அது சரியான முறை இல்லை என்றாள். "நாத்தனாரம்மா, நீ போயி ஒங்க அண்ணங்கிட்டக் கேளு. நீயாப் பதில் சொல்லிக் குடுக்காத" என்று தாளை என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அண்ணன் வாசல் திண்ணையில், இஸ்தோப்புப் படியில், உட்கார்ந்து பிள்ளைகளின் பள்ளிச் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தான். நானும் பெரிய அதிகாரி மாதிரி எதிரே உட்கார்ந்து முதல் கேள்வியைக் கேட்டேன். மாடு வாங்கியதையோ பின்பக்கம் சுவர் வைத்ததையோ சொல்வான், இரண்டும் அவன் செய்ததுதான் என்று நினைத்தேன்.  ஒரு சப்பாத்தை முடித்து வெயிலில் வைத்தான். அடுத்ததை எடுத்தான். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. 

"அவ டிகிரிக்குப் போறது" என்றான்.

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. அந்த நிமிடம் வரை எங்கள் வீட்டில் அப்படி ஒரு முடிவே கிடையாது. பேனாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எடுத்தது யார் என்று கேட்டேன்.

"அவதான். எழுதிக்க."

எழுதினேன். கண்ணில் தண்ணீர் கட்டி எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. என் அண்ணனை நினைத்தும் அண்ணியை நினைத்தும் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அத்தோடு எழுந்துவிடப் பார்த்தேன். உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. அதட்டல் கொஞ்சமும் குறையவில்லை.

"இன்னொரு கேள்வி இருக்குல்ல. அதையுங் கேளு."

கேட்டேன். "யாருக்காச்சும் மறுப்பு இருந்துச்சாண்ணே?"

அண்ணன் அடுப்படி வாசலைப் பார்த்தான்.

"இருந்துச்சு" என்றான். "இப்ப இல்ல."